வெள்ளை இருந்தது கழுத்திலா வயிற்றிலா

22.12.2025

அனுப்புநர்:
தே. அப்பாத்துரை,
நீதிமன்ற பெஞ்சு கிளார்க் (ஓய்வு),
பாளையங்கோட்டை.

பெறுநர்:
ஜனாப் செய்யது பாவா,
பாவா லுங்கி சென்டர்,
மேலப்பாளையம்.

பொருள்: கொற்கைக் குளம் – கறுப்பு நாரை – தங்களது பரிகாசம் – மறுப்பு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. சென்ற சனிக்கிழமை காலை குளக்கரையில் தாங்கள் சிரித்த சிரிப்பு.
2. அன்று மாலை வாட்ஸப் குழுவில் தாங்கள் போட்ட குரல் பதிவு.

ஐயா,

சனிக்கிழமை வழக்கப்படி நாம் இருவரும் தங்கள் காரில் கொற்கைக் குளத்துக்குச் சென்றோம். குளத்துக்கு அக்கரையில், நெல் வயலின் ஓரத்தில், ஒரு பெரிய கறுப்புப் பறவை நின்றது. நான் எனது முந்நூறு மில்லிமீட்டர் லென்சில் கன்வெர்ட்டரைச் செருகிப் படம் எடுத்தேன். கறுப்பு உடல், சிவப்பு அலகு, வெள்ளை வயிறு. கறுப்பு நாரை. நமது 'பொருநைப் பறவைகள்' குழுவில் இதுவரை யாரும் பார்க்காதது.

தாங்கள் தங்கள் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்த புது லென்சில், இருநூறிலிருந்து அறுநூறு வரை இழுக்கும் அந்தக் குழாயில், பார்த்துவிட்டு, வெள்ளை வயிற்றில் இல்லை, கழுத்தில் இருக்கிறது, ஆகவே இது சாதாரண வெண்கழுத்து நாரை என்றீர்கள். கருத்து வேறுபாடு இருக்கலாம். அதற்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் குளக்கரை டீக்கடையில் நின்ற அத்தனை பேர் முன்னிலையிலும், "ஒட்டுப்போட்ட கண்ணாடில பாத்தா காக்கா கூட கருடனாத்தான் வே தெரியும்" என்று சொல்லி, தொடையைத் தட்டிச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பையே மாலையில் குரல் பதிவாகக் குழுவிலும் போட்டீர்கள்.

ஆகவே குழுவின் நிர்வாகி என்ற முறையில் தங்களை நீக்கினேன். உடனே தாங்கள் எனது எண்ணைத் தடை செய்துவிட்டீர்கள். எனவே இனி எல்லாம் தபால் மூலம்.

கன்வெர்ட்டர் பற்றித் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டியது: லென்சுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் அந்த உள்ளங்கை அளவுக் கண்ணாடிக் குப்பி, முந்நூறை அறுநூறாக்கும். தங்கள் குழாயும் அறுநூறுதான். இருவரும் ஒரே தூரம் பார்க்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், என்னுடையது சட்டைப் பையில் அடங்கும், தங்களுடையதற்குக் காரில் தனி சீட் வேண்டும்.

தகவலுக்காகவும் தக்க மன்னிப்புக்காகவும்.

தே. அப்பாத்துரை


மேலப்பாளையம்
26.12.2025

அன்புள்ள அப்பாத்துரைக்கு (பழக்கத்தில் 'அன்புள்ள' என்று எழுதிவிட்டேன். அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று விட்டுவைக்கிறேன்),

ரெஜிஸ்டர் தபால் கிடைத்தது. கடையில் கூட்டமாக இருந்த நேரம். நான் கையெழுத்துப் போட்டு வாங்குவதைப் பார்த்துவிட்டு, வாரண்ட் வந்திருக்கிறது என்று தெரு முழுக்கச் செய்தி பரவி, மாலையில் என் மைத்துனன் ஜாமீனுக்கு ஆள் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். சாதாரண ஸ்டாம்பு ஒட்டி அனுப்பினால் உமக்கு என்ன வே குறைந்துவிடும்?

கிறிஸ்துமஸ் கேக்கும் வந்தது. உம் வீட்டு ஞானசௌந்தரி அம்மாவும் என் வீட்டு கமர் நிஷாவும் நம்மைக் கேட்காமல் தினமும் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கேக்கைத் தொடவில்லை என்று எழுத ஆசை. ஆனால் பொய் எழுத வராது. பிள்ளைகளுக்குக்கூட வைக்கவில்லை.

இனி விஷயம். நான் சிரித்தது உண்மை. ஆனால் சிரித்தது உம்மைப் பார்த்து இல்லை, உம் குப்பியைப் பார்த்து. நாலு பங்கு வெளிச்சம் லென்சுக்குள் போனால் மூன்று பங்கை அந்தக் குப்பி முழுங்கிவிட்டு ஒரு பங்கைத்தான் கேமராவுக்குக் கொடுக்கிறது. நீரே ஒருநாள் சொன்னீர். அதை மாட்டினால் ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடி, பறவை சலித்துப்போய்ப் பறந்த பிறகு வந்து நிற்கும். நான் துணிக்காரன். ஒரே பாவில் நெய்த முழுத் துணி வேறு, நடுவில் தையல் போட்ட துணி வேறு. என்னதான் நல்ல தையல்காரன் போட்டாலும் தையல் தையல்தான்.

என் கண்ணைப் பற்றி உமக்குத் தெரியும். எதிர்த்த வீட்டு மாடிக் கொடியில் தொங்குகிற லுங்கி எந்த ஊர்த் தறி என்று கல்லாவில் உட்கார்ந்தே சொல்வேன். அந்தக் கண்ணால் பார்த்தேன். வெள்ளை கழுத்தில்தான் இருந்தது, அல்லாஹ் அறியச் சொல்கிறேன். அது வெண்கழுத்து நாரை. பிசான நெல் விளைகிற காலத்தில் எந்த வயலிலும் நிற்கும். அதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால் நான் நாரையிடம்தான் கேட்க வேண்டும்.

பாவா

பி.கு. தனி சீட்டைப் பற்றி எழுதியிருந்தீர். அந்த சீட்டில் இதுவரை உட்கார்ந்து வந்தது நீர்தான்.


31.12.2025

பொருள்: கறுப்பு நாரை – இரண்டாம் முறை பார்வையிட்டது – கூடுதல் ஆதாரம் சமர்ப்பித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்களது 26.12.2025 நாளிட்ட, அன்பு அடிக்கப்படாத கடிதம்.

ஐயா,

சனிக்கிழமை மீண்டும் கொற்கை சென்றேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். பேருந்தில். ஸ்ரீவைகுண்டத்தில் மாறி, ஏரலில் மாறி. ஏரல் பேருந்தில் டிரைபாடைப் பார்த்த கண்டக்டர் அது என்ன ஆயுதம் என்று கேட்டார். கேமரா தாங்கி என்று விளக்கியும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, இறங்கும்வரை என்னைக் கடைசி சீட்டிலேயே உட்கார வைத்தார். தங்கள் குழாயைக் கொண்டு போயிருந்தால் காவல் நிலையத்தில்தான் இறக்கியிருப்பார்கள்.

பறவை அங்கேயே நின்றது. அதே வரப்பு, அதே இடம். இதிலிருந்து அது வழிதவறி வந்ததல்ல, குளிர்காலம் முழுவதும் தங்க வந்தது என்பது நிரூபணமாகிறது. கால்கள் நெல்லுக்குள் மறைந்திருந்தன. நான் பார்த்தவரையில் அது இரை தேடவில்லை, இடம் மாறவில்லை. இவ்வளவு அமைதியான நாரையை என் அனுபவத்தில் கண்டதில்லை. காற்று வீசியபோது மட்டும் இறக்கையை முழுவதும் விரித்து உலர்த்திக்கொண்டது. அந்த அழகுக்குப் பேருந்துக் கட்டணம் போதாது.

ஃபோகஸ் ஓடுவது பற்றித் தாங்கள் எழுதியது ஓரளவு உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிற்கும் பறவைக்கு அது பொருந்தாது. நான் கையால் திருகித்தான் எடுத்தேன்.

படங்களை நம் ஒருங்கிணைப்பாளர் எஸ்றாவுக்கு அனுப்பினேன். விலங்கியல் பேராசிரியர் என்பதால் அவர் உடனே எதையும் சொல்லமாட்டார். ஆனாலும், "ஐயா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஜனவரி 18 ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் இருபது பேரை அழைத்துக்கொண்டு கறுப்பு நாரையைப் பார்க்க வருகிறார். அறிவிப்பில், 'கண்டுபிடித்தவர்: தே. அப்பாத்துரை' என்று போட்டிருக்கிறார். அதன் நகல் இணைக்கப்பட்டுள்ளது.

புத்தாண்டு வாழ்த்து அலுவல் முறையில் தெரிவிக்கப்படுகிறது.

தே. அப்பாத்துரை


மேலப்பாளையம்
5.1.2026

அப்பாத்துரைக்கு,

உமது நகல் கிடைத்தது. பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நல்ல பேப்பர்.

நானும் கொற்கை போனேன். சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டு, தனியாக. குளக்கரையில் ஸ்டாண்டைப் போட்டு என் லென்சை ஏற்றி வைத்ததுதான் தாமதம், எங்கிருந்தோ பத்துப் பேர் வந்து சுற்றிக்கொண்டார்கள். நாலுவழிச் சாலை இந்தப் பக்கமாகவா வருகிறது, யார் வயல் போகிறது என்று ஒரே விசாரணை. பறவை பார்க்க வந்தேன் என்றேன். "பறவை பாக்க எதுக்கு வே இம்புட்டுப் பெரிய குழாயி" என்று ஒருவர் கேட்டார். உம் தம்பியாக இருப்பாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கடைசியில் அந்த ஊர்க்காரர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்து, சாலை வராது என்று அல்லாஹ் அறியச் சத்தியம் பண்ணிய பிறகுதான் விட்டார்கள்.

பறவை நின்றது. ஒத்துக்கொள்கிறேன், நின்றது. நிறையப் படம் எடுத்தேன். வெயில் ஏறிவிட்டதால் தண்ணீர் மேலே கானல் ஆடியது, எல்லாப் படத்திலும் நாரை நடனம் ஆடுகிறது. ஆனாலும் வெள்ளை கழுத்தில்தான், அல்லாஹ் அறிய.

தோள் போய்விட்டது வே. லென்சைத் தூக்கித் தூக்கி வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. கமர் நிஷா தைலம் தேய்த்துவிடுகிறாள், தேய்க்கும்போதெல்லாம், "அப்பாத்துரை அண்ணன் சின்னதா ஒண்ணு வச்சிருக்காவளாமே" என்கிறாள். இது உம் வீட்டிலிருந்து வந்த பேச்சு என்று எனக்குத் தெரியாதா?

திரும்பி வரும்போது ஒரு வரப்பில் சின்னதாக, பழுப்பாக ஒரு பறவை. என்ன பறவை என்று கேட்கப் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். லென்ஸ் உட்கார்ந்திருந்தது. பெயர் தெரியாமலே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவும் என்னைப் பார்த்தது.

சரி, அது கிடக்கட்டும். நான் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். அக்கரைக்குச் சுற்றிப் போய், வயலுக்குள் இறங்கி, அந்த நாரையைக் கிட்டத்தில் வைத்து எடுக்கப்போகிறேன். கழுத்து வெள்ளையை பேனர் அளவுக்குப் பெரிதாகப் போட்டுக்கொண்டு, 18-ஆம் தேதி உம் எஸ்றாவும் இருபது பேரும் நிற்கிற இடத்துக்கு வருவேன். அன்றைக்கு யார் சிரிப்பது என்று பார்ப்போம்.

பாவா


9.1.2026

பொருள்: 18-ஆம் தேதி

ஐயா,

மேலே பொருளை முழுவதும் எழுத முயன்றேன். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

முப்பத்து நான்கு வருடம் அந்த நாற்காலியில் இருந்தேன், பாய். நான் வாய்தா தேதி சொன்னால்தான் வக்கீலும் கட்சிக்காரரும் வீட்டுக்குப் போக முடியும். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. வீட்டில் குழம்புக்கு உப்பு போதுமா என்றுகூடக் கேட்பதில்லை, நான் சரியாகச் சொல்வதில்லையாம். பேரப்பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கெல்லாம் போன் பதில் சொல்லிவிடுகிறது. இந்தப் பறவைகள் பெயர் ஒன்றுதான் என்னிடம் மிச்சம். எஸ்றா என்னைக் கூப்பிட்டு, நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று சொன்ன அன்று, நான் வீட்டுக்குள் எழுந்து நடந்துகொண்டே இருந்தேன். ஞானசௌந்தரி ரத்த அழுத்தம் பார்த்தாள்.

எனக்கு இந்தப் பறவை வேண்டும். இதை வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

நீர் படம் எடுத்துக்கொண்டு வருவேன் என்கிறீர். வாரும். கழுத்து வெள்ளையாக இருந்தால் கழுத்து வெள்ளைதான், நான் ஒப்புக்கொள்வேன். ஆனால் இருபது பேர் முன்னால் அன்றைக்குச் சிரித்தது போல் சிரித்துவிடாதேயும். அப்படிச் சிரித்தால் நான் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன், அதற்குப் பிறகு எந்தக் குளத்துக்கும் வரமாட்டேன். இதை மிரட்டலாக எழுதவில்லை. எனக்கு என்னைத் தெரியும். சிரிக்க வேண்டுமானால் 18-க்கு முன்னால் சிரித்து முடித்துவிட்டு வாரும்.

நீர் எழுதிய பழுப்புப் பறவை: வாலை மேலும் கீழும் ஆட்டியதா? ஆட்டியிருந்தால் நெட்டைக்காலி.

அப்பாத்துரை


மேலப்பாளையம்
13.1.2026

அன்புள்ள அப்பாத்துரைக்கு,

ஆட்டியது.

ஒரு நல்ல செய்தி. நேற்று விடிந்ததும் கொற்கை போனேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் அக்கரைக்குச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். நீர் சொன்னதுதான் சரி. கறுப்பு நாரைதான். வயிறுதான் வெள்ளை, கழுத்து நல்ல கறுப்பு. என் லென்சில்தான் ஏதோ கோளாறு, மகனிடம் சொல்லி சர்வீசுக்குக் கொடுக்க வேண்டும். உம் குப்பி நல்ல குப்பி.

ஒரு கெட்ட செய்தியும் இருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பறந்துவிட்டது. நல்ல உயரம் எழும்பி, கிழக்கே, புன்னக்காயல் பக்கமாகக் கடலைப் பார்க்கப் போய்விட்டது. திரும்பி வருகிற பறவை போகிற தோரணை இல்லை. படம் எடுத்திருக்கலாம். மெமரி கார்டு போட மறந்துவிட்டேன்.

எஸ்றாவுக்கும் எழுதிவிட்டேன். அப்பாத்துரை கண்டுபிடித்தது கறுப்பு நாரைதான், நான் என் கண்ணால் பார்த்தேன், பறந்துவிட்டது, யாரும் சிரமப்பட்டு வரவேண்டாம் என்று. உம் பெயரோடு பதிவில் ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சாட்சிக் கையெழுத்து நான்தான்.

நீர் மறுபடி கொற்கைக்குப் போகாதேயும். பொங்கல் கூட்டம், பேருந்தில் கால் வைக்க இடம் இருக்காது. இடுப்பைப் பார்த்துக்கொள்ளும். அங்கே இப்போது பார்க்க ஒன்றும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் என் பொங்கல் வாழ்த்து.

உம் பிரியமுள்ள
பாவா


பாளையங்கோட்டை
19.1.2026

அன்புள்ள பாவாவுக்கு,

உமது கடிதத்தை ஞானசௌந்தரிக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவள் அடுப்படியில் இருந்ததால் கேட்கவில்லை என்றாள். மறுபடி வாசித்தேன். அன்று பொங்கலுக்கு வாங்கிய கரும்பை நான் ஒருவனே கடித்துத் தீர்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

படுத்த பிறகுதான் உறுத்தியது. முப்பத்து நான்கு வருடம் சாட்சிகளைக் கேட்டவன் நான். நீர் லுங்கி விற்றாலும், சாலை வராது என்று சொன்னாலும், 'அல்லாஹ் அறிய' போடாமல் விடமாட்டீர். இந்தக் கடிதத்தில் அது ஒரு இடத்தில்கூட இல்லை. மெமரி கார்டு மறந்தது வேறு. அந்த லென்ஸ் வந்த நாளிலிருந்து நீர் காலையில் சட்டை போட மறந்தாலும் மெமரி கார்டு போட மறந்ததில்லை.

எஸ்றா கூட்டத்தை நிறுத்தவில்லை. நாரை போனாலும் குளம் இருக்கிறதே, வாத்துகளைப் பார்ப்போம் என்றார். எனவே அவர்கள் வருவதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, நான் போனேன். கால் வைக்க இடமில்லைதான்.

கரையில் நின்று கன்வெர்ட்டரை மாட்டிப் பார்த்தேன். அதே வரப்பு, அதே இடம். நீலத்தில் பச்சைக் கட்டம் போட்ட ஒன்று நின்றது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடிதான், எந்த நாரைக்கு நீலக் கட்டம் என்று என் மனம் தேடியது. இதை உமக்கு மட்டும் சொல்கிறேன்.

பிறகு கேமராவைப் பையில் போட்டுவிட்டுக் குளத்தைச் சுற்றி நடந்தேன். கிட்டே போனேன். குறுக்குக் கம்பு கட்டிய சோளக்கொல்லைப் பொம்மை. மூக்குக்குச் சிவப்புப் பிளாஸ்டிக் புனல், மோட்டாருக்கு டீசல் ஊற்றுகிற புனல். இடுப்பில் புது லுங்கி. ஓரத்தில் 'பாவா லுங்கி சென்டர், மேலப்பாளையம்' என்ற சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை.

வயல்காரன் வந்தான். பூதத்தான். அவனுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. பத்து வருடம் அவன் வரப்புத் தகராறு வழக்குக்கு நான்தான் வாய்தா சொன்னேனாம். இந்தப் பொம்மை மேல் முதலில் என்ன கிடந்தது என்று கேட்டேன்.

"வக்கீலு கவுனு ஐயா. கேசு முடிஞ்சப்போ எங்க வக்கீலு பழசக் குடுத்தாரு. கழுத்துல கட்டுத வெள்ளப் பட்டியும் சேத்துக் குடுத்தாரு. இதப் போட்டுக்கிட்டு நின்னா மனுசனே கிட்ட வரமாட்டான், குருவி வருமான்னு நட்டேன்."

"அது எங்கே இப்போ?"

"ஒரு பாய் வந்தாரு ஐயா, இம்மாம் பெரிய குழாயத் தூக்கிக்கிட்டு. கிட்ட வந்து கவுனத் தொட்டுப் பாத்தவரு அங்கனயே வரப்புல உக்காந்துட்டாரு. சிரிச்சாரு சிரிச்சாரு, கண்ணுல தண்ணி வந்துட்டு. பொறவு சட்டுன்னு நிறுத்திட்டாரு. 'இத எனக்குக் குடுத்துரு வே, ஒரு ஆளு மானம் இதுல தொங்குது'ன்னாரு. கார்ல இருந்து புது லுங்கி எடுத்துட்டு வந்து அவரே கட்டிவிட்டுட்டுப் போனாரு."

நான் அந்த வரப்பிலேயே உட்கார்ந்தேன். நீர் உட்கார்ந்த இடமாகத்தான் இருக்கும்.

பாவா, வெள்ளை கழுத்தில்தான் இருந்தது. அதில் நீர் சொன்னது சரி. இதைக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் முப்பத்து நான்கு வருடம் தினமும் அந்தக் கவுனுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்குக் கவுன் தெரியவில்லை. மாடிக் கொடியில் தொங்குகிற லுங்கிக்கு ஊர் சொல்கிற உமக்கு அது துணி என்றே தெரியவில்லை. உம் அறுநூறும் என் அறுநூறும் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் ஒன்றுதான்.

இனி ஞாயிற்றுக்கிழமை. நீர் கொடுத்த வழியில் நான் தப்பித்திருக்கலாம். நாரை பறந்துவிட்டது, பதிவில் என் பெயர் ஏறிவிடும், யாருக்கும் தெரியாது. ஆனால் என் கையால் பொய்ப் பதிவு போனதில்லை, பாவா. உம் கையெழுத்தோடு போவதை நிச்சயம் விடமாட்டேன். இருபது பேரையும் அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய், பொம்மைக்குப் பக்கத்தில் நின்று, நடந்ததைச் சொன்னேன். லுங்கி இருக்கும் இடத்தில் கவுன் இருந்தது, அதை நான் கறுப்பு நாரை என்றேன், என் நண்பர் வெண்கழுத்து நாரை என்றார், உண்மை தெரிந்த பிறகு அவர் எனக்காகப் பொய் சொன்னார், அவருடைய சாட்சியத்தை நான் தள்ளுபடி செய்கிறேன் என்றேன்.

சிரித்தார்கள். எஸ்றா சிரித்து முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் நான் பயந்தது போல் இல்லை. மதுரைக்காரர் ஒருவர் தான் ஒரு நாள் முழுக்க உரச் சாக்கைப் படம் எடுத்து வெள்ளைக் கொக்கு என்று போட்டதைச் சொன்னார். நாகர்கோவில் அம்மா ஒருவர் கோவில் கோபுரத்துச் சுதைக் கருடனை நிஜம் என்று குறித்துக்கொண்டதைச் சொன்னார். ஆளுக்கொன்று இருந்தது. நானும் சிரித்தேன். மதியம்வரை குளத்தைச் சுற்றி நடந்தோம், என்னிடம்தான் பெயர் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

ஒரு சிக்கல். பூதத்தான் கவுனைத் திரும்பக் கேட்கிறான். உம் லுங்கிக்குக் குருவி பயப்படவில்லையாம். மேலே உட்கார்ந்துகொண்டு நெல்லைத் தின்கிறதாம்.

குழுவில் உம்மைச் சேர்த்துவிட்டேன். போனில் தடை இருக்கிறதா நீங்கியதா என்று தெரியாததால் தபாலில் எழுதுகிறேன்.

உம்
அப்பாத்துரை


மேலப்பாளையம்
21.1.2026

அன்புள்ள அப்பாத்துரைக்கு,

போன் தடையைக் கேக் வந்த அன்றே நீக்கிவிட்டேன். நீர் கூப்பிடுவீர் என்று பார்த்தேன். நீர் ஸ்டாம்பு ஒட்டிக்கொண்டிருந்தீர்.

கவுனை கமர் நிஷா துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். நல்ல துணி வே, கிட்டத்தில் பார்த்தால். வெள்ளைப் பட்டிக்குக் கஞ்சிகூடப் போட்டிருக்கிறாள். பூதத்தான் வயல் குருவியெல்லாம் எழுந்து நின்று கும்பிடப்போகிறது.

என் சாட்சியத்தைத் தள்ளுபடி செய்தீர், சரி. இனி உமக்காகப் பொய் சொல்லமாட்டேன். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, தோள் வலியோடு அதுவும் சேர்ந்துகொண்டது. கழுத்துதான் வெள்ளை என்று நீர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டலாம் என்று எடுத்தேன். அதில் உமக்குக் கவுன் தெரியவில்லை என்பதற்கு அடுத்த வரியிலேயே எனக்குத் துணி தெரியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறீர். வியாபாரம் படுத்துவிடும். பீரோவில் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை காரோடு வருகிறேன். உம் குப்பியை மறக்காமல் எடுத்துக்கொள்ளும், என் குழாயில் மாட்டினால் ஆயிரத்து இருநூறு ஆகுமே. வெளிச்சம் சுத்தமாகப் போய்விடும் என்று நீர் சொல்வீர் என்று தெரியும். போகட்டும். இந்த முறை லென்சைப் பின் சீட்டில் போட்டிருக்கிறேன்.

பூதத்தான் உம்மிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான், நான் ஏன் சட்டென்று நிறுத்தினேன் என்பது அவனுக்குத் தெரியாது. அந்த வரப்பில் உட்கார்ந்து அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தேன் வே, ஆயுசில் அப்படிச் சிரித்ததில்லை. சிரித்துக்கொண்டே, "பாத்தீரா வே" என்று பக்கத்தில் திரும்பினேன். நீர் இல்லை. அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை, அல்லாஹ் அறிய.

மீதியை சனிக்கிழமை சிரித்துக்கொள்ளலாம்.

பாவா